வாலெழுத்து

செனட்டர் எலிஃபலெட் தாக்ஸ்டரிடமிருந்து மெனாக்கெட் துறைக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று மெஹிதபெல் டோனுக்கு. ஊர் வாயில் அவள் வெறும் ஹிட்டி. மற்றது அவளுக்கு ஓரகத்தி முறையான ஜெருஷா டோனுக்கு. இருவருடைய கணவன்மாரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். ஒரே பாய்க்கப்பலில் போய், ஒரே காலையில் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, இரண்டு வருஷமாக அந்த ஊரில் காலில் சங்கிலியோடு கல் சுமக்கிறவர்கள்.

ஹிட்டியின் கணவன் ஜொனாத்தன் கொள்ளைநோயில் இறந்துவிட்டான் என்றது அவளுக்கு வந்த கடிதம். ஜெருஷாவின் கணவன் ஜான் நலமாக இருக்கிறான் என்றது ஜெருஷாவுக்கு வந்தது. ஒரு வீட்டில் சாவு, பக்கத்து வீட்டில் வாழ்வு. கர்த்தருடைய சித்தம் என்று ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மீன் உலர்த்தப் போய்விட்டது.

இரண்டு கடிதங்களையும் வாசித்தவள் ஹிட்டிதான். ஜெருஷாவுக்கு அச்செழுத்து வாசிக்க வரும். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை வேதாகமத்தை மூன்று தடவை முடித்தவள். ஆனால் பேனாவால் எழுதியது எதுவும் அவளுக்குக் கோழி கிளறிய மண்தான். அந்தக் கரையில் பாதிப் பெண்கள் அப்படி. பெண்பிள்ளை வேதம் வாசித்தால் போதும், எழுதி என்ன கிழிக்கப்போகிறாள் என்று அச்செழுத்தோடு படிப்பை நிறுத்திவிடுவார்கள். எழுதப் பழகாத கண்ணுக்கு எழுதியதும் பிடிபடாது. ஹிட்டியின் தகப்பனார் ஊர்ப் பதிவேடு எழுதியவர். மகன் இல்லாத குறைக்கு மகள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்.

தனக்கு வந்ததை அவள் முதலில் தனியாக வாசித்தாள். நல்ல மொழி, நல்ல கையெழுத்து. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி இறந்தார், வருந்துகிறேன் என்றது. அதன் பிறகு ஒரு வரி: "கடைசி வாரம் வரை சங்கீதங்களைப் பாடி மற்றக் கைதிகளின் மனத்தைத் தேற்றினார் என்று, கூடவே கைதான கப்பல் தலைவர் எழுதுகிறார்." கடைசியில் வழக்கமான முடிப்பு. "தங்கள் மிகத் தாழ்மையும் மிகுந்த கீழ்ப்படிதலும் உள்ள ஊழியன், எலிஃபலெட் தாக்ஸ்டர்."

பாடினாரா?

ஜொனாத்தன் பாடமாட்டான். சபையில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை குரல் விட்டான். முன்பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதோடு சரி. பாடுகிறவன் ஜான். ஜான் டோன் அடிக்குரலில் எடுத்தால் ஆராதனைக் கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பது ஊரறிந்த விஷயம்.

ஜெருஷா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஹிட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஹிட்டி வாசித்துக் காட்டினாள். பாட்டு வரி வந்த இடத்தில் நாக்கு தானாக அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஏன் தாண்டினாள் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

பிறகு ஜெருஷாவின் கடிதம். ஜான் உடல்நலத்துடன் கல்குவாரியில் வேலை செய்கிறார் என்றது. அதன் அடியில், "கிணற்றுக் கயிற்றை மாற்றியாயிற்றா என்று மனைவியிடம் கேட்கச் சொன்னார்."

"கிணறா? எங்க வீட்டுல ஏதுடி கிணறு? நாங்க ஊத்துத் தண்ணிதானே குடிக்கிறோம்." ஜெருஷா பெரிதாகச் சிரித்தாள். "வெயில்ல கல்லு தூக்கித் தூக்கி மூளை கலங்கிப் போச்சு அந்த மனுஷனுக்கு."

"இருக்கும்க்கா," என்றாள் ஹிட்டி.

கிணறு இருப்பது ஹிட்டியின் வீட்டில். கயிறு நைந்து மூன்று வருஷமாகிறது. கப்பலேறும் நாள் காலையில்கூட ஜொனாத்தன் அதைப் பிடித்துப் பார்த்து, நான் திரும்பி வருவதற்குள் இது அறுந்துவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

சாயங்காலம் ஜெருஷா தன்னுடைய கறுப்புக் கவுனைக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தாயார் இறந்தபோது சாயம் போட்டுத் தைத்தது. டோன் வீட்டுப் பெண்களிடம் துக்கத்துக்கு உடுத்தத் தக்கது அது ஒன்றுதான்.

"எங்கிட்ட சும்மாதானே கெடக்கு. நீ போட்டுக்கோ," என்றாள். ஜெருஷா இரட்டை நாடி, ஹிட்டி ஒடிசல். இடுப்பில் ஒரு சாண் துணி மிச்சம் தொங்கியது. ஹிட்டி கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"வெட்ட வேணாம். மடிச்சுத் தச்சா போதும்," என்று ஜெருஷா பெரிய பெரிய தையலாக ஓட்டினாள். மடிப்பு முதுகுப் பக்கம் உருண்டையாகத் தடித்து நின்றது. உட்கார்ந்தால் உறுத்தும். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

மறுநாள் விடிந்ததும் அவள் கிணற்றுக் கயிற்றை மாற்றினாள்.

ஆறு வாரம் போயிற்று. பகலெல்லாம் கருவாடு புரட்டினாள், சோளம் உரித்தாள், விதவைக்குரிய மரியாதைகளை வாங்கிக்கொண்டாள். மனசு மட்டும் அந்த இரண்டு வரிகளையே சுற்றிச் சுற்றி வந்தது. கைதியானால் மனுஷன் மாறமாட்டானா, பாடக்கூடக் கற்றிருக்கலாம் என்று ஒரு பக்கம். கற்றுக்கொண்டான் சரி, ஜானுக்கு எங்கிருந்து கிணறு வந்தது என்று இன்னொரு பக்கம். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயம். ஜொனாத்தன் உயிரோடிருக்க வேண்டும் என்று ஜெபம் செய்தால் அது ஜெருஷா விதவையாக வேண்டும் என்று கேட்பதாகிவிடும் இல்லையா? கர்த்தரிடம் எந்த வாயால் கேட்பது? ஜெருஷாவும் முன்பெல்லாம் ஒரு கடிதம் வந்தால் நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறவள். இந்தக் கடிதத்தை மட்டும் இரண்டாம் தடவை அவள் எடுத்துவரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையின் மூப்பர் ஒரு செய்தி சொன்னார். கைதிகளை மீட்கும் பேச்சு கூடிவருகிறதாம். உயிரோடிருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை செனட்டர் வியாழக்கிழமைத் தபாலில் தலைநகரான பிலடெல்பியாவுக்கு அனுப்புகிறாராம்.

பட்டியலில் பெயர் இல்லாதவனை யார் மீட்பார்கள்? காகிதத்தில் செத்தவன் கல் சுமந்துகொண்டே கிடக்க வேண்டியதுதான். மீட்பு வரும்போது அவர்கள் ஜான் டோனைத் தேடுவார்கள். ஜான் இருக்கமாட்டான். வாய் திறந்தால் ஜெருஷா விதவை. திறக்காவிட்டால் ஜொனாத்தன் அந்த ஊர் மண்ணுக்கு.

செனட்டரை நேரில் பார்க்கப் போகிறேன் என்றதும் மூப்பர் சிரித்தார்.

"அவரு ஜனாதிபதிக்கே கடுதாசி எழுதறவரும்மா. ஒன்னை வாசப்படி ஏத்துவாங்களா?"

"எனக்கும்தான் எழுதியிருக்காரு. எனக்குக் கீழ்ப்படிஞ்ச ஊழியன்னு கையெழுத்தே போட்டிருக்காரு. ஊழியன் வீட்டுக்குப் போக யாரைக் கேக்கணும்?"

"அது சும்மா வழக்கத்துக்கு எழுதறது."

"வழக்கமோ என்னமோ, மை மைதானே," என்றாள் ஹிட்டி.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் கிளம்பினாள். இருபது மைல். பாதித் தூரம் வைக்கோல் வண்டியில் இடம் கிடைத்தது; மீதி நடை. வண்டிப் பலகையில் சாயும்போதெல்லாம் இடுப்பு மடிப்பு குத்தியது. மடியில் சோள ரொட்டியும் இரண்டு கடிதங்களும் இருந்தன. ஜெருஷாவின் கடிதத்தை முந்தின நாள் கேட்டு வாங்கியிருந்தாள். எதற்கு என்று ஜெருஷா கேட்கவில்லை. வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செனட்டர் வீட்டுக் கதவைத் திறந்தவள் வீட்டு நிர்வாகி கெசையா. இடுப்பில் அகலமான ஏப்ரன், அதைவிட அகலமான தோள்.

"பின்பக்கம் வாம்மா. மீன் வேணாம், நேத்துதான் வாங்கினோம்."

"மீன் விக்க வரலை. செனட்டரைப் பாக்கணும்."

"எல்லாருக்கும்தான் பாக்கணும். எழுதிப் போட்டுட்டுப் போ. பதில் வரும்."

ஹிட்டி கடிதத்தை விரித்துக் கடைசி வரியைக் காட்டினாள். "இது அவரு கையெழுத்துதானே?"

"ஆமா."

"மிகுந்த கீழ்ப்படிதல் உள்ள ஊழியன்னு போட்டிருக்கு. மிகுந்தன்னு வேற. போயி, ஒங்க எசமானி வந்திருக்கான்னு சொல்லுங்க. கால் வலிக்குது, ரொம்ப நேரம் நிக்கமாட்டான்னும் சொல்லுங்க."

கெசையா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. "தாயே, அந்த வரிக்கு இந்த வீட்டுல என்ன அர்த்தம்னு தெரியுமா? கூட்டாளிக்கு எழுதினா வெறும் பேரு போடுவாரு. ஆகாதவனுக்கு எழுதும்போதுதான் ஊழியன் பெருசாவான். தாழ்மை நீள நீளக் கடுப்பு ஜாஸ்தின்னு அர்த்தம்."

"என்னைத் தெரியவே தெரியாதே. எம்மேல என்ன கடுப்பு?"

"நீ எந்தக் கணக்குலயும் சேத்தி இல்லை. ஒனக்கு எழுதினது அவரே இல்லை. குமாஸ்தா எழுதுவாரு, இவரு அடியில கிறுக்குவாரு." சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் சங்கடப்பட்டாள். "உள்ள வா. ஒரு கோப்பை ஆப்பிள் சைடர் குடி. சொல்லிப் பாக்கறேன்."

செனட்டரின் அறையில் சுவர் முழுக்கப் புறாக்கூடு போலச் சின்னச் சின்ன மரக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கடிதக் கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் நாடா. நடுவில் மேசைக்கு அப்பால் தாக்ஸ்டர் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கியவர், பொய்முடியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தார். ஜன்னலோரம் சாய்மேசையில் குமாஸ்தா பார்னபஸ் லூட். ஐம்பது வயது, மைக்கறை படியாத விரல்கள், அதைப் பற்றிய பெருமை முகத்தில்.

"எசமானி நீங்கதானாம்மா?" என்றார் செனட்டர். "இத்தனை வருஷம் இத்தனை பேருக்கு ஊழியன்னு எழுதிட்டேன். வேலை வாங்க வந்தவங்க நீங்கதான் முதல். சொல்லுங்க."

ஹிட்டி இரண்டு கடிதங்களையும் மேசைமேல் வைத்தாள். பாட்டையும் கிணற்றையும் சொன்னாள். சொல்லும்போது குரல் சமமாகத்தான் இருந்தது. கைதான் கவுன் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கப்பல் தலைவர் எழுதின மூலக் கடுதாசியை நான் பாக்கணும் ஐயா."

லூட் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அம்மணி, முப்பது வருஷமா பேனா பிடிக்கிறேன். மூலத்தைப் பாத்து நானே நகல் எடுத்தேன். துக்கத்துல இருக்கிறவங்களுக்கு இப்படியெல்லாம் தோணறது சகஜம்தான்."

"துக்கத்துல கிணறு எடம் மாறுமா?"

செனட்டர் வாயைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பை மறைக்க. "எடுங்க லூட். நம்ம வீட்டுல கடுதாசி தொலையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறேன். எடுத்துத்தான் காட்டுங்களேன்."

கட்டு வந்தது. நாடாவை அவிழ்த்ததும் புளித்த வாடை அறையில் பரவியது. கொள்ளைநோய் ஊரிலிருந்து வரும் கடிதத்தைத் துறைமுகத்தில் கத்தியால் கீறி, வினிகரில் முக்கி, புகை காட்டித்தான் உள்ளே விடுவார்கள். அந்தத் தாள் பழுப்பேறி, கீறல் விழுந்து, மை வெளுத்துக் கிடந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஜொனாத்தன் நடமாடும் இடத்திலிருந்து வந்த காகிதம். தொடலாமா என்று கேட்காமலே ஹிட்டி அதன் ஓரத்தைத் தொட்டாள்.

டோன் என்ற பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. முன்னால் இருக்கவேண்டிய பெயரைக் கப்பல் தலைவர் முழுதாக எழுதவில்லை. யார்தான் எழுதினார்கள்? காகிதத்துக்கும் பஞ்சம், பொறுமைக்கும் பஞ்சம். பெயரை வெட்டி இரண்டெழுத்து போட்டு, மேலே பொடியாக ஒரு வாலெழுத்தைத் தொங்கவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஜானுக்கும் ஜொனாத்தனுக்கும் முன்னெழுத்து ஒன்றுதான். வால்தான் வேறு. வால் வெறும் வட்டமாக (o) இருந்தால் ஜான். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் முளைத்திருந்தால் (a) ஜொனாத்தன்.

"இதோ பாருங்க," என்று லூட் விரலை வைத்தார். "செத்தவர் பேருக்கு மேல வட்டம், கால். ஜொனாத்தன். உயிரோட இருக்கிறவர் பேருக்கு மேல வெறும் வட்டம். ஜான். இதுல என்ன சந்தேகம்?"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஹிட்டிக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்றுகூட இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஜெருஷாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு கயிறு ஞாபகம் வந்தது.

"ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கலாமா ஐயா? எங்கப்பா பழைய பதிவேட்டை அப்படித்தான் பாப்பாரு. மை போனாலும் பேனா கீறின தடம் போகாதுன்னு சொல்வாரு."

செனட்டர் எழுந்து வந்தார். தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, பூதக்கண்ணாடியை அதன்மேல் நகர்த்தினார். மேல்வரியில், செத்தவன் பெயரில் நின்றது. வட்டம் இருந்தது. அதன் பக்கத்திலிருந்த கால் வழியாக வெளிச்சம் ஊசி மாதிரி உள்ளே வந்தது. அது எழுத்தே இல்லை. துறைமுகத்துக் கத்தி கீறிய கீறல். ஓரத்தில் புகை ஏறிக் கறுத்திருந்தது.

கண்ணாடி கீழே இறங்கியது. உயிரோடிருப்பவன் பெயர். வட்டத்துக்கு வலப்பக்கம் மை சுத்தமாக இல்லை. ஆனால் காகிதத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் சற்றே வளைந்த, பேனா அழுத்திய பள்ளம்.

லூட் வந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையின் முகத்தைப் பார்ப்பது அப்படியொன்றும் சந்தோஷமான காரியமில்லை. "வினிகர்," என்று மட்டும் சொன்னார். பிறகு பிலடெல்பியாவுக்குப் போகவேண்டிய பட்டியலைத் தானே எடுத்து, ஜான் என்ற பெயரை அடித்து, ஜொனாத்தன் என்று ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் முழுப் பெயரையும் எழுதினார். மை விரலில் பட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை.

ஹிட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறான். உதட்டை அசைத்துக்கொண்டு, கல்லைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கிறான். சந்தோஷம் நெஞ்சை முட்டியது, அதே நேரம் ஜெருஷாவின் சிரிப்பும் காதில் கேட்டது. ஹிட்டி அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நான் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன் அம்மா," என்றார் செனட்டர். "லூட் மேல மட்டும் தப்பில்லை. அந்த இன்னொரு அம்மாவுக்கு இப்பவே என் கையால எழுதறேன்."

"அவங்களுக்குக் கையெழுத்து வாசிக்க வராது ஐயா. யாரு எழுதினாலும் நான்தான் வாசிச்சுக் காட்டணும்."

"அப்ப நீங்களே வாசிச்சுடுங்க."

ஹிட்டி தலையை ஆட்டினாள். "போன தடவை வாசிக்கும்போது பாட்டு வரியை முழுங்கிட்டேன். இந்தத் தடவை என் வாய் நடுவுல வரக்கூடாது. அவங்க கண்ணாலயே பாக்கணும். அச்செழுத்துல எழுதுங்க. வேதப் புஸ்தகத்துல இருக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா."

செனட்டர் அவளைப் பார்த்தார். பிறகு புதுப் பேனாவைச் சீவினார்.

ஒரு நாளைக்கு இருபது கடிதம் அனுப்புகிறவர். அன்று நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தையும் நிற்கவைத்து வரைய வேண்டியிருந்தது; ஓடிப் பழகிய கை நிற்க மறுத்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டார். இரண்டு தாள் பாழாயிற்று. அழகான வாசகம் ஒன்று தொடங்கி, அது எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதை அடித்துவிட்டு நேராக விஷயத்தை எழுதினார். கடைசியில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"தாழ்மையும் கீழ்ப்படிதலும் எழுதணும்னா சாயங்காலம் ஆயிடும்."

"வெறும் பேரு போடுங்க," என்றாள் ஹிட்டி.

கதவருகே நின்றிருந்த கெசையா திரும்பிக்கொண்டாள். செனட்டர் வெறும் பெயரைப் போட்டார். எலிஃபலெட் தாக்ஸ்டர், அவ்வளவுதான்.

அன்றிரவு கெசையா அவளைச் சமையலறையில் படுக்கவைத்தாள். மறுநாள் உப்பு வண்டி ஒன்று அவளை ஊர் எல்லை வரை கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கறுப்புக் கவுனைக் கழற்றினாள். விளிம்பில் படிந்த தூசியைத் தட்டி, கிழிந்த இடத்தைத் தைத்து மடித்தாள். பெட்டியிலிருந்து தன் பழுப்புக் கவுனை எடுத்து உடுத்திக்கொண்டு ஜெருஷாவின் வீட்டுக்கு நடந்தாள். நாற்பது எட்டுத் தூரம். இருபது மைல் அவ்வளவு நீளமாக இருக்கவில்லை.

ஜெருஷா ஆப்பிளை வட்டம் வட்டமாக நறுக்கி உலர்த்துவதற்கு நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தவள் முதலில் பழுப்புக் கவுனைப் பார்த்தாள். பிறகு ஹிட்டியின் கையில் மடித்திருந்த கறுப்பைப் பார்த்தாள்.

"இருக்காரா?" என்றாள்.

"இருக்காரு."

"நல்லதுடி. ரொம்ப நல்லது." ஜெருஷா கோத்துக்கொண்டிருந்த ஆப்பிளை நூலின் கடைசி வரை தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். ஹிட்டி கடிதத்தை நீட்டினாள்.

"அச்செழுத்துக்கா. ஒங்களுக்காகவே எழுதச் சொன்னேன்."

ஜெருஷா வேதம் வாசிப்பதுபோலவே வாசித்தாள், விரலை வரியில் ஓட்டி, வாய்விட்டு. செனட்டரின் எழுத்துகள் சில சாய்ந்திருந்தன. அங்கே விரல் நின்று நின்று போயிற்று. "உம் கணவர். ஜான் டோன். ஏப்ரல் பன்னிரண்டில் இறந்தார். கடைசி வாரம் வரை சங்கீதம் பாடி மற்றவரைத் தேற்றினார். பெயர் மாறியது எங்கள் தவறு." அடியில் இருந்த பெயரையும் வாசித்தாள். பிறகு விரல் இரண்டு வரி மேலே திரும்பிப் போயிற்று.

"பாடினாராமா?"

"ஆமாக்கா."

"கடைசி வரைக்கும் பாடினாரா."

"அந்தக் கடுதாசியிலயும் இது இருந்துது. நான்தான் ஒங்களுக்கு வாசிக்காம விட்டுட்டேன். மன்னிச்சுடுங்கக்கா."

ஜெருஷாவின் கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாயில் நின்றது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ விட்டா என்ன? கெணறுன்னு நீ வாசிச்சப்பவே எனக்கு வயித்துல தீ விழுந்துது. அதான் அவ்வளவு சத்தமாச் சிரிச்சேன். மறுநாள் விடிய நீ கயிறு மாத்தறதை இந்த ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீயா சொல்லுவேன்னு ஆறு வாரம் பயந்துக்கிட்டே இருந்தேன். சொல்லாம இருந்துட மாட்டியான்னும் இருந்துது."

அவள் மடியில் கறுப்புக் கவுனை விரித்தாள். இடுப்பில் தடித்திருந்த மடிப்பைத் தடவிப் பார்த்து, ஊசியின் முனையால் முதல் தையலை நெம்பினாள். பெரிய தையல், சுலபமாக வந்தது.

"அதான் அன்னிக்கு வெட்டலை," என்றாள். "அந்தப் பக்கத்துலேருந்து நீ பிரி."